மார்கழி மாப்பிள்ளை

திருப்பதிக்குக் குடிவந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டவை மொட்டைத் தலைகள்தாம். நம் பக்கத்தில் ஒரு பெண் தலையை மழித்துக்கொண்டு தெருவில் நடந்தால் யார் செத்தது என்று கேட்பார்கள். கேட்காதவர்கள் இன்னும் மோசமாக எதையாவது நினைத்துக்கொள்வார்கள். இங்கே காலையில் பால் வாங்க வெளியே வந்தால் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முடி இல்லை. ஆண், பெண், கைக்குழந்தை எல்லோர் தலையிலும் சந்தனம். நான் பட்டணத்து மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். பேன் பிடித்துவிட்டது என்று அங்கே மழித்திருந்தார்கள். வீட்டுக்காரி மங்கம்மா என்னைப் பார்த்ததும், "மொக்கு தீர்ச்சுகுன்னாவா அம்மாயி?" என்றாள். வேண்டுதலை நிறைவேற்றினாயா என்று கேட்கிறாள். எனக்கு அப்போது தெலுங்கு அரைகுறை, நான் மறுக்கவில்லை. அவள் உள்ளே போய்ச் சந்தனம் அரைத்து வந்து தன் கையாலேயே என் தலையில் பூசினாள். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் என் அண்ணன் ரேணிகுண்டாவுக்கு மாற்றல் கேட்டு வாங்கி, வீட்டைத் திருப்பதியில் பார்த்தது இதற்காகத்தான். முடி வளரும்வரை யாரும் என்னை எதுவும் கேட்காத ஊர் அவனுக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தேதி விஷயத்தில் நான் கறாரானவள். சென்னை ராஜ்யத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப்போல் இந்தப் பக்கம் தங்கிவிட்ட தமிழர்களுக்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது நான் திருத்தணியை அடுத்த ஒரு கிராமத்தில், புகுந்த வீட்டில் இருந்தேன். சித்தூர் ஜில்லாவோடு அந்த ஊரும் ஆந்திராவுக்குப் போயிற்று. அடுத்த வருஷம், அதாவது ஜய வருஷம், ஆடி மாதத்தில் என் மகன் பேதியில் போனான். நடக்க ஆரம்பித்திருந்தான். ஆவணியில் என் புருஷன் இன்னொருத்திக்குத் தாலி கட்டினான். இரண்டாம் தாரம் கூடாது என்று சட்டம் அப்போதே இருந்தது. அந்தக் கிராமத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வாசலில் பந்தக்கால் நடும் சத்தத்தை நான் அதே வீட்டின் பின்கட்டில் இருந்து கேட்டேன். புரட்டாசியில் நான் சோற்றைத் தள்ளினேன், கூச்சல் போட்டேன், குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி. மருந்தில் பேரே மறந்துபோன நாட்களிலும் இந்த வரிசையை மட்டும் நான் நழுவவிடவில்லை.

திருப்பதியில் எனக்கு வேலை இல்லை, படித்தேன். ரயிலில் கதைப்பாட்டுப் புத்தகம் விற்பவர்கள் அண்ணனுக்குப் பழக்கம். அழுக்கானது, அட்டை கிழிந்தது எல்லாம் எனக்கு வந்துசேரும். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, கிணற்றில் விழுந்த பெண்ணின் சிந்து. அதுபோக, ஊர் வாசகசாலையில் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்ட தமிழ்க் கவிதைப் புத்தகங்கள். சிந்துகளில் பித்துப் பிடித்த பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். தலையை விரித்துப் போட்டுச் சிரிப்பார்கள், அடுத்த பக்கத்தில் செத்துப்போவார்கள். என்ன நடந்தது என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு பழைய பாட்டில், குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவள் தூளிக் கயிறு அசையும் சத்தம் கேட்டு எழுந்து எழுந்து பார்த்தாள். அந்த இடத்தில் மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அது எனக்கு மட்டும் வந்த நோய் என்று அதுவரை நினைத்திருந்தேன். மாலையில் அதை மங்கம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தமிழ் புரியாதவள், நடுவே சிரிப்புக்காகச் சேர்த்திருந்த அடிகள் வரும் இடத்தில் அழுதாள். என் முகத்தைப் பார்த்துத்தான் அவள் கதை கேட்டிருக்கிறாள்.

துர்முகி வருஷம் சித்திரையில் அண்ணன் கொண்டுவந்த புத்தகக் கட்டில் ஒரு புதுச் சிந்து இருந்தது. அவன் பிரித்துப் பார்க்காமலே கொடுத்துவிட்டான். சித்தூரில் அச்சடித்தது. தலைப்பில் ஒரு பித்துக்காரி. உள்ளே என் புருஷன் ஊர், அவன் பேர், அவன் தகப்பன் பேர். பித்துக்காரிக்குப் பேர் இல்லை. பிள்ளை ஆடியில் சாகிறது. அன்றைக்கே அவளுக்குப் பேய் பிடித்துவிடுகிறது. ஆவணியில் புருஷன் கண்ணீரோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறான். பிறகு இப்படி:

ஆறு மாசம் அழுதிருந்தார் ஆண்சிங்கம் – பெற்றோர்
கூறும் சொல்லைத் தட்டாமல்
மாறும் மனம் தேறிவந்து மார்கழியில் – தாலி
ஏறும் முகூர்த்தம் கண்டார்.

படித்ததும் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் சிரித்ததில்லை. மங்கம்மா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், நோய் திரும்பிவிட்டதென்று; அதற்குள் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். புருஷன் யோக்கியன் என்று காட்ட ஆறு மாதம் காக்கவைக்க வேண்டும். ஆடியிலிருந்து விரல் விட்டு எண்ணியிருக்கிறார்கள், ஆறாவது விரல் மார்கழியில் போய் நின்றிருக்கிறது. மார்கழியில் நம்மில் யாரும் தாலி கட்டுவதில்லை என்பது எழுதியவனுக்கும் தோன்றவில்லை, எழுதச் சொன்னவனுக்கும் தோன்றவில்லை. பொய் சொல்லும் அவசரம்.

அந்த வருஷம், சிந்து விற்பவர்கள் எல்லோரும் வந்து கூடும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போவதாக அண்ணனிடம் சொன்னேன். வேண்டாம் என்றான், கேட்கவில்லை, அவனும் கூட வந்தான். மலையடிவாரத்தில், என் புருஷன் ஊர்க்காரர்கள் காவடியை இறக்கிவைக்கும் வழக்கமான மரத்தடிக்குப் பக்கத்திலேயே அந்தப் புதுச் சிந்தைப் பாடி விற்கும் சிந்துக்காரன் கஞ்சிராவோடு நின்றிருந்தான். நல்ல குரல். கடைசிக்கு முந்தின அடிவரை பாடிவிட்டு, "மிச்சம் புஸ்தகத்தில கீது, ஒரணா, ஒரணா" என்று கையைத் தூக்கினான். அதுதான் அவர்கள் தொழில்முறை. நான் முன்னே போனேன்.

"அண்ணா, கல்யாணம் எந்த மாசம்? அத இன்னொரு வாட்டி பாடு."

அவனுக்குச் சந்தோஷம். இழுத்துப் பாடினான்.

"மார்கழியில எந்த வூட்லண்ணா தாலி கட்டுவாங்க? உங்க வூட்லயா?"

 காவடிக்காரக் கிழவர் ஒருவர், "அட, ஆமா! பஞ்சாங்கத்த ஆடு துன்னுட்ச்சா?" என்றார். கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற தெலுங்குப் பெண் என்ன என்ன என்று கேட்டு, யாரோ சொன்னதும், "தனுர்மாசம்லோ பெள்ளியா!", மார்கழியில் கல்யாணமா என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். சிந்துக்காரனுக்கு வியர்த்துவிட்டது. "தாயே, நா அச்சுல கீறத பாடிக்கினு கீறேன். அந்த வூட்டுக்காரரே துட்டு குடுத்து போட்டாரு. பஞ்சாயத்து எலெக்சன்ல நிக்கிறாராம், ஊர் வாய அடைக்கணும்னாரு. என்னை இன்னாத்துக்கு கேக்கற?"

"அப்ப நான் சொல்றேன். எம் பேரு தனகோட்டி. அந்தப் பித்துக்காரி நான்தான்" என்றேன். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று வரிசையாகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, அதற்காகத்தான் இரண்டு வருஷம் படித்திருந்தேன்போல. காவடிகளின் பக்கத்திலிருந்து பந்தல் போடும் முனுசாமி எழுந்தான். "ஆவணிதான்பா. நான்தான் பந்தல் போட்டேன். இந்த அக்கா உள்ள அழுதுக்கினே இருந்துச்சு" என்றான். அவன் பார்த்த திக்கிலேயே எல்லோரும் பார்த்தார்கள். சந்தனம் பூசிய மார்போடு என் புருஷன் அங்கே நின்றிருந்தான். காவடியைக்கூட எடுக்காமல் கூட்டத்துக்குள் நுழைந்தான். "ஏய், மார்கழி மாப்ள! எங்க ஓடற? முகூர்த்தம் தவறிப்பூட்ச்சா?" என்று எவனோ கத்தினான்.

அந்தப் பேர் நிலைத்துவிட்டது. தேர்தலுக்கு அவனை முன்மொழிய ஆள் கிடைக்கவில்லை என்று கேள்வி. சந்தையில் காய்கறிக்காரிகூட மார்கழியாரே என்றுதான் கூப்பிடுகிறாளாம். அவனுடைய இரண்டாம் தாரத்துப் பிள்ளையையும் மார்கழியான் மகன் என்கிறார்கள். அந்தப் பிள்ளை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, தெரியும். அதற்காக நான் அந்தப் பேரைத் திரும்பப் பெறப் போவதில்லை. சிந்துக்காரன் கொஞ்ச நாள் கழித்துத் திருப்பதிக்கே வந்து, "ஒங்க கதைய நீங்களே எழுதிக் குடுங்கம்மா, நல்லா போவும்" என்று வெட்கமில்லாமல் கேட்டான். எழுதிக் கொடுத்தேன், என் பேரோடு. குழந்தையின் அழுகுரல் கேட்டதையும் எழுதினேன். காளஹஸ்தியிலிருந்தும் ஏர்பேட்டிலிருந்தும் முன்பின் தெரியாத பெண்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கதவருகிலேயே நின்று, "இப்பவும் கேக்குதாக்கா?" என்றாள். "சில நாளு கேக்குது" என்றேன். "எனக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டால் மனம் ஆறும் என்று அண்ணன் சொல்லுவான். எனக்கு ஆறியது பழி தீர்த்த பிறகுதான்.

1960 ஏப்ரல் முதல் தேதி எல்லையைத் திருத்தி, திருத்தணிப் பக்கத்தைச் சென்னை ராஜ்யத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் கோடையில் மகனுக்கு மொட்டை போட வந்த முனுசாமி என் வீட்டுக்கும் வந்தான். மோர் குடித்தான், டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அவரு சொல்லி அனுப்ச்சாரு. ஏரிக்கரை கொல்லையில கொழந்தய பொதைச்ச எடத்துக்கு நீ வருஷா வருஷம் வந்து வெளக்கு வெச்சிக்கலாமாம். தடுக்கமாட்டாராம்."

"பதிலுக்கு?"

"ஆவணின்னு சொன்னது பித்தத்துல சொன்னதுன்னு, ஊர்ல நாலு பேர வெச்சி ஒரு வார்த்த சொல்லிட்டு போவணுமாம்."

அந்தக் கொல்லை என் புருஷன் பட்டா. புதைத்த அன்றைக்கு என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள்; அந்த இடத்தை நான் பக்கத்தில் பார்த்ததே இல்லை. மங்கம்மா சமையலறைக் கதவோரம் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஆவணின்னா ஆவணிதான்னு போய்ச் சொல்லு."

"யோசிச்சு சொல்லுக்கா."

"யோசிச்சுத்தான் சொல்றேன், முனுசாமி."

மாத்திரை வாங்க நான் இன்னும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன். திருத்தணி தாண்டிச் சற்று தூரத்தில் ரயில் அந்த ஏரிக்கரையை ஒட்டிப் போகும்; அங்கே நிற்காது. போன மாதம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கொஞ்ச நேரம் இடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பழக்கத்தில் தெலுங்கில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவளுக்குப் புரியவில்லை, கையால் காட்டினேன். "காத்து வோணுமா? உக்காருங்க" என்று எழுந்தவள், "தெலுங்குக்காரங்களா நீங்க? ஆந்திராவா?" என்றாள். கரை வந்துவிட்டது. கரைக்குக் கீழே கேழ்வரகு நின்றது, ஒரே பச்சை, எந்த இடம் என்று தெரியவில்லை. அவளுக்கு விவரம் சொல்ல ஆரம்பித்தால் அதற்குள் கடந்துபோய்விடும். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.