டப்பாவில் போட்டுக்கொண்ட இரண்டு ஸ்க்ரூக்கள்

என் பையில் எப்போதும் ஒரு தகர டப்பா இருக்கும். கனெக்டர் மூடிகள், குட்டி ஸ்க்ரூக்கள், கொஞ்சம் ஈயம். பால் சொசைட்டிகளில் கொழுப்பு பார்க்கும் மிஷினைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. நடுவில் ஓடுவது ஒரு சீரியல் கேபிள். மிஷின் சொல்லும் எண்கள் அதன் வழியே ஒவ்வொரு எழுத்தாக வரிசையில் போகும். போய்ச் சேர்ந்ததா என்று அந்த மிஷின் திரும்பிக் கேட்காது. சேராவிட்டால் கம்ப்யூட்டர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியும்.

காரிமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் சொசைட்டிச் செயலாளர் அலுத்துக்கொண்டார்.

"இடி இடிச்சா ஒயர உடனே புடுங்கணும் சார். இந்த ரெண்டு ஸ்க்ரூவத் திருவிக்கிட்டு உக்காந்திருந்தா மிஷின் போயிருங்க."

முந்தைய மிஷின் இடியில்தான் போயிருந்தது. கேபிளைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூக்களையும் கழற்றி என் டப்பாவில் போட்டுக்கொண்டேன். செயலாளர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அவரே சொன்னார். ஒற்றை மாடு வைத்திருக்கும் ஒரு பெண், பாலில் தண்ணீர் கலந்து பிடிபட்டாராம். வரிசையில் எல்லோர் முன்னாலும் கேட்டதும் கேனைத் தூக்கிக்கொண்டு போனவர், பிறகு வரவேயில்லையாம்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் மிஷினின் சின்னத் திரைக்குப் போனது. சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும் அதை யாரும் பார்ப்பதில்லை. அதில் ஒரு எண், கம்ப்யூட்டரில் வேறு எண். கேபிள் பாதி கழன்று தொங்கியது. அதை அழுத்திச் செருகிவிட்டு, அந்தப் பெண் பிடிபட்ட நாளின் பதிவைத் திறந்து பார்த்தேன். அவருக்கு விழுந்திருந்தது அவருக்கு முன்னால் ஊற்றியவரின் எண். முன்னால் ஊற்றியவர் ஊரில் பெரிய நிலக்காரர். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"சரி பண்ணிட்டீங்கல்ல, உடுங்க சார்," என்றார் செயலாளர்.

விட முடியவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்றேன். வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அவங்க அத்தன பேரு முன்னாடி சொன்னாங்க. நீங்க வூட்டுக்கு வந்து எங்கிட்ட மட்டும் சொல்றீங்களே, இது என்னா நாயம்ங்க?"

"நாளைக்குக் காலையில அங்கயே சொல்றேன்க்கா. நீங்களும் வாங்க," என்றேன். சொன்னதுமே பயமாக இருந்தது. இது வெளியே தெரிந்தால் எந்த சொசைட்டி என்னைக் கூப்பிடும்?

மறுநாள் காலை வரிசை நின்றபோது, ஒருவரின் பாலை அளந்ததும் கேபிளை லேசாக இழுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து மிஷினில் வைத்தேன். கம்ப்யூட்டர் தண்ணீருக்கு நல்ல பாலின் எண்ணைக் காட்டியது.

"ஸ்க்ரூவக் கழட்டுனது நான்தாங்க. அந்தக்கா பால்ல தண்ணி இல்ல," என்றேன்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். "அப்ப எனக்குப் போட்ட கொழுப்புப் பாயிண்டு?" "போன வாரம் எனக்குங்க?" எல்லோருக்கும் அவரவர் பால் ஞாபகம் வந்துவிட்டது. வரிசையின் கடைசியில் கேனோடு நின்ற அந்தப் பெண் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. செயலாளர் மட்டும், "அதான் ஒயருன்னு தெரிஞ்சிபோச்சே, வந்து ஊத்தும்மா," என்றார்.

டப்பாவிலிருந்து அதே ஸ்க்ரூக்களை எடுத்து முடுக்கினேன். இரண்டாவது கை தவறிக் கீழே விழுந்தது. பால் ஊற்ற வந்த அந்தப் பெண்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

இப்போதும் அவர் அங்கேதான் பால் ஊற்றுகிறார். போகும்போதெல்லாம் பார்க்கிறேன். தன் முறை வந்ததும் மேசையைச் சுற்றிப் போய், அந்த இரண்டு ஸ்க்ரூக்களையும் விரலால் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கேனைத் திறக்கிறார். நான் பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான்.