தொடாமல் ஒரு லெந்து

இந்த நாட்டில் நோயாளியைப் பார்க்கப் போவதற்குப் பயிற்சி வகுப்பு உண்டு. கதவைத் தட்ட வேண்டும், பழம் கொண்டுபோகக் கூடாது, கேட்காமல் ஜெபிக்கக் கூடாது, தொடவே கூடாது. நெய்யூரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த நான், இத்தனையும் தெரியாமல் ஊரில் எத்தனை நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்! அவர்கள் பிழைத்தது கர்த்தருடைய கிருபை.

ஊரில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலமென்றால் எதையாவது விடுவோம். நான் மீனை விடுவேன். ஈஸ்டர் மதியம் நெய்மீனிடம் மொத்தமாகப் பழிதீர்ப்பேன். இங்குள்ள போதகர் அம்மாவோ, "இம்முறை எதையும் விடவேண்டாம், ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். முதியோர் இல்லத்தில் ஹாரல்ட் என்ற கிழவரோடு செவ்வாய்தோறும் உட்கார்ந்திருக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். நெய்யூரில் என் அம்மை இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். ஞாபகமும் விட்டுவிட்டுத்தான் வந்தது. நானோ விசா புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தேன். முடிவு வருமுன் கிளம்பினால் திரும்ப நுழைய முடியாது. யாருடைய கட்டிலுக்குப் பக்கத்திலாவது உட்கார வேண்டும்போல் இருந்தது.

அம்மையைப் பார்த்துக்கொண்டவள் அடுத்த வீட்டுத் தங்கம் அக்கா. அய்யாவழிக்காரி, லெந்து வருவதும் போவதும் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் வீடியோவில் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, நீ அங்க ஒரு வெள்ளக்காரச் சாயிப்புக் கெழவனுக்குக் கூட்டு இருக்கியாம்லா? இஞ்ச ஒனக்க அம்மைக்க நகத்த நான்லா வெட்டுதேன்."

"இஞ்ச தொடவே விடமாட்டாவ அக்கா."

"பொறவு என்ன மண்ணுக்குப் போற?"

அடுத்த செவ்வாய் ஹாரல்ட் காய்ச்சலில் கிடந்தார். நோயாளி வீட்டிலிருந்து ஜெபிக்காமல் எழுந்தால், காப்பி குடிக்க வந்தவன் என்பார்கள் எங்கள் ஊரில். கிளம்பும்போது என் கை தானாக அவர் நெற்றிக்குப் போயிற்று. கண்ணை மூடி, தமிழில், உரத்த குரலில், நல்ல நீளமாக ஜெபித்தேன். நடுவில் ஹாரல்டின் பெயருக்குப் பதில் அம்மையின் பெயர் வந்தது. கண்ணைத் திறந்தபோது கிழவர் வெளிறிப்போயிருந்தார்.

"இன்றைக்கா? டாக்டர் உன்னிடம் சொல்லிவிட்டாரா?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரிந்து அப்படி ஜெபிப்பது சாகிறவனுக்குத்தானாம். வெறும் காய்ச்சல்தான் என்று நான் சொல்லச் சொல்ல, பொய் சொல்லும் நல்லவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இல்லத்து மேலாளர், மிகுந்த மரியாதையோடு, இனி வரவேண்டாம் என்றார். ஆக, இந்த லெந்திலும் நான் ஒன்றை விட்டாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மையை அழைத்தேன். அக்கா போனை அவள் முகத்தருகே பிடித்தாள். அம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சபையிலிருந்து வந்த யாரோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றாள். "எனக்க மவன் வெளிநாட்டுல கெடக்கான். அவனுக்கும் சேத்துப் பண்ணுங்க."

கண்ணை மூடி ஜெபித்தேன், எனக்கும் சேர்த்து. கை பழக்கதோஷத்தில் அவள் நெற்றியைத் தேடிப் போயிற்று. ஆமென் சொல்லிப் பார்த்தபோது திரை கறுத்திருந்தது. விரல் பட்டு, அழைப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. அங்கேயும் தொட்டிருக்கக் கூடாதுதான்.