டாக்டர் கேட்ட நோட்டு

எங்கள் வீட்டில் துணிகளைக் கத்தரித்தது நான்தான். அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொல்ல வேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை.

செங்கல்பட்டு கடைத்தெருவில் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. ஐம்பதுகளின் நடுவில், நான் வயசுக்கு வந்த வாரமே படிப்பை நிறுத்தினார்கள். தங்கை மட்டும் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் அம்மாவின் முந்தானையை வெட்டினேன், பிறகு அத்தாவின் கைலியை. என்னை யாரும் கேட்கவேயில்லை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று பெயரெடுத்தவள் நான். தங்கையோ கோபம் வந்தால் தட்டை வீசுவாள், பதிலுக்குப் பதில் பேசுவாள். பழி தானாகவே அவள்மேல் போய் உட்கார்ந்தது.

முதலில் அடித்தார்கள். பிறகு ஏதோ பிடித்திருக்கிறது என்று மூன்று வியாழக்கிழமை கடற்கரை தர்காவுக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். ஓதிய தண்ணீரை முகத்தில் தெளித்தபோது அவள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். அந்த ஈரப்பிடி இன்றைக்கும் சில நாள் என் கையில் இருக்கிறது.

அதற்கும் அடங்கவில்லை என்றதும், மாதம் ஒருமுறை பட்டணத்திலிருந்து வந்துகொண்டிருந்த மனநோய் டாக்டரிடம் காட்டினார்கள். நல்ல மனிதர். பேயுமில்லை பிசாசுமில்லை, அடிக்கக் கூடாது என்றார். அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசவிடுவார். வீட்டில் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். என்றைக்கு வெட்டினாள், அதற்கு முன் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் எழுத வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அத்தாவுக்கு நேரமில்லை. எட்டாவது வரை படித்த என்னிடம் நோட்டு வந்து சேர்ந்தது.

புது நோட்டு. அந்த வாசனைக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் எழுத ஏதாவது வேண்டுமே. வெட்டினேன், எழுதினேன். கஞ்சி ஆறிப்போச்சு என்று அவள் அம்மாவிடம் சண்டை போட்டதையும், சற்று நேரத்தில் போர்வை கிழிந்து கிடந்ததையும் அடுத்தடுத்து எழுதினேன். சண்டை நிஜம். போர்வை என் வேலை. டாக்டர் என் கையெழுத்தைப் பாராட்டினார். இப்படிக் கவனிக்கிற அக்கா கிடைத்தது அவள் அதிர்ஷ்டம் என்றார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

ஒரு சாயங்காலம் தங்கை அந்த நோட்டை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் வெட்டினனாக்கா? எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா நீ எழுதிக்கீறியே."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"ஆமா" என்றேன்.

அன்றோடு வெட்டுவதை விட்டேன். நோட்டில் எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார், அம்மா சர்க்கரை வாங்கிவைத்து அல்லாவுக்கு நன்றி சொல்லிப் பாத்தியா ஓதினாள். தங்கை தட்டு வீசுவதையும் விட்டாள், பதில் பேசுவதையும் விட்டாள். தன் கைகளை மடியில் வைத்து அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை நான் மட்டும் கவனித்தேன்.

போன மாதம் மாமல்லபுரத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கத்தரிக்கோல் இல்லையா என்று கேட்டேன்.

"வூட்ல வெச்சிக்கிறதே இல்லக்கா. என் கை இன்னா செய்யும்னு எனக்கே தெரியாது. சின்னப் பசங்க இருக்கற வூடு."

பாலைக் காய்ச்சி, முதல் டம்ளரை எனக்குத்தான் கொடுத்தாள். குடித்தேன்.