பட்டம் வாங்கிய ஓரகத்தி

சின்னவளுக்குத் திருமதி அழகிப் பட்டம் கிடைத்த அன்று, திரைக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவளின் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. அதனால்தான் அவளால் கத்த முடியவில்லை. இல்லாவிட்டால் அந்த அரங்கத்திலேயே அவள் குரல்தான் ஓங்கிக் கேட்டிருக்கும். அன்று அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். வாடகைக்கு எடுத்த அந்த நீலக் கவுனை இடுப்பில் இரண்டு விரல் பிடித்து, தோளைத் தூக்கி, கீழ் மடிப்பைக் கையாலேயே தைத்தது அவள்தானே. கிரீடத்தைத் தலையில் வைத்தபோதுகூட அவள் கண் கவுனின் பின்பக்கக் கொக்கியில்தான் இருந்தது.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே கட்டடத்தில் கீழ் வீடு பெரியவளுக்கு, மேல் வீடு சின்னவளுக்கு, நடுவே பதினேழு படிகள். மாமியார் காலையில் கீழே இருப்பார், சாயங்காலம் மேலே போய்விடுவார். பெரியவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பெரியவள் ஒரு கடை வைத்திருந்தாள். ஒரு தையல் மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்றிப் பார்க்க ஒரு திரை, அவ்வளவுதான் இடம். புதுத்துணி தைப்பதில்லை. இடுப்பைப் பிடித்துத் தருவது, தையலைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, உயரம் குறைப்பது என்று ஆல்டரேஷன் வேலை மட்டும். இருபது வருடப் பழக்கத்தில் வருகிறவர்களின் இடுப்பளவு அவளுக்கு விரலிலேயே நின்றது. முகம் மறந்தாலும் அளவு மறக்காது.

பட்டம் வாங்கியவர் ஓராண்டு முழுவதும் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்காகப் போகுமிடமெல்லாம் பேச வேண்டும் என்பது போட்டியின் விதி. போன வருடத்துக்காரி குப்பையைத் தரம் பிரிப்பது பற்றிப் பேசினாள். சின்னவள் மனநலத்தையும் தற்கொலைத் தடுப்பையும் எடுத்துக்கொண்டாள்.

"புத்தகத்துல படிச்சதைச் சொல்லப் போறதில்லைக்கா. எனக்கு நடந்ததையே சொல்லப் போறேன்" என்றாள்.

பெரியவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நடந்ததில் அவளுக்கும் பங்கு உண்டு.

நான்கு வருடத்துக்கு முன்னால் சின்னவளுக்கு மகள் பிறந்தாள். பத்தாம் நாளிலிருந்தே சின்னவள் சரியாக இல்லை. தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. பிள்ளை வீறிட்டு அழும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறை ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்றாள். அந்தக் கதவைத் திறந்தவள் பெரியவள். உடை மாற்றி, வாடகைக் காரில் ஏற்றி, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனவளும் அவள்தான். பிறகு ஆறு வாரம் கடையைப் பூட்டிவிட்டு, மேல் வீட்டுத் தரையில் படுத்து, பிள்ளையை நெஞ்சில் போட்டுத் தூங்கவைத்து, மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தாள்.

ஆகவே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நடந்த முதல் கூட்டத்துக்குப் பெரியவள் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். பேர் சொன்னால் எழுந்து நிற்பதா, உட்கார்ந்தபடியே கும்பிடுவதா என்றுகூட வழியில் யோசித்து வைத்திருந்தாள்.

சின்னவள் பேசினாள். "அப்போ என்னைச் சுத்தி வீடு நிறைய ஆள் இருந்தாங்க. ஆனா யாருக்கும் புரியலை. ஒரு டாக்டர்தான், 'சாகணும்னு தோணுதா?'ன்னு நேராக் கேட்டாங்க. முதல் தடவையா ஒருத்தர் என்கிட்ட உண்மையைக் கேட்டாங்க. அந்தக் கேள்விதான் என்னை இன்னைக்கு இங்க நிக்க வச்சிருக்கு."

பேச்சு முடிந்தது. அக்கா என்ற சொல்லே வரவில்லை. முன்வரிசையில் ஒரு பேராசிரியை மூக்கைச் சிந்தினாள். பெரியவள் கைதட்டினாள். தட்டிய கை அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

'டாக்டரிடம் இவள் தானாகவா நடந்து போனாள்? யாருக்கும் புரியலையாம். அப்படியானால் நான் யார், வீட்டு மேஜை நாற்காலியா?'

அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் அணையவே இல்லை. நகரப் பேருந்துகளின் பின்புறமெல்லாம் சின்னவளின் முகம், அதற்குக் கீழே 'பேசுங்கள், கேட்கிறோம்'. கடையில் உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டு நிமிர்ந்தால், தெருவில் திரும்புகிற பேருந்திலிருந்து அது சிரிக்கும். துணி கொடுக்க வருகிறவர்கள், "அவங்க உங்களுக்குச் சொந்தமாமே? எவ்வளவு தைரியம்!" என்பார்கள். "ஆமா, ரொம்ப" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பாள். மாமியார் கிரீடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினார்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

"இப்ப உனக்கு என்னதான் வேணும்? மேடையில ஏத்தி மாலை போடணுமா?" என்றார் அவர்.

"மாலையெல்லாம் வேண்டாம். ஒரு வார்த்தை."

"அப்ப போய்க் கேளு. மேலதான் இருக்கா."

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு பிச்சைங்க."

"அப்ப கேக்காத. ஆனா எனக்குச் சோறு போடும்போது கரண்டியை இப்படி டங்குன்னு வைக்காத. நான் ஒண்ணும் பட்டம் வாங்கலை."

இவ்வளவு எரிச்சலிலும், கூட்டங்களுக்கென்றே வாங்கிய கவுனைச் சின்னவளுக்கு மாட்டிவிட ஒரு கூட்டம் விடாமல் போனாள். 'வரமாட்டேன்' என்று சொன்னால் வேறு ஒருத்தி போய்விடுவாளே! ஐந்தாவது கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். அதைப் பிற்பாடு கணவரிடம்கூடச் சொல்லவில்லை. கவுனின் இடுப்பை வேண்டுமென்றே அரை அங்குலம் கூடப் பிடித்துவிட்டாள். மூச்சு முட்டட்டும், பேச்சு தடுமாறட்டும் என்று. அப்படியே ஆயிற்று. சின்னவளுக்குப் பாதியில் மூச்சு வாங்கியது, குரல் அடைத்தது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அரங்கம் முழுக்க அதை உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்து, எழுந்து நின்று கைதட்டியது. செய்தித்தாளில் படம் வந்தது. பெரியவள் அன்றே தையலைப் பிரித்துப் பழைய அளவுக்கு விட்டுவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், வெகுநாள் வாடிக்கை. முதல் தடவை இரண்டு ஸ்கர்ட்டுகளை ஓர் அங்குலம் பிடிக்கச் சொன்னாள். "டயட்டா?" என்று கேட்டதற்குச் சிரித்து வைத்தாள். ஐந்து வாரம் கழித்து அதே ஸ்கர்ட்டுகளோடு வந்து, இன்னும் ஒன்றரை அங்குலம் என்றாள். மூன்றாவது தடவை வந்தபோது ஒரு பை நிறையத் துணி. அளவு எடுக்கப் பெரியவள் டேப்பை எடுத்தாள்.

"பிடிக்க வேண்டாம்க்கா. யாருக்காவது சரியா இருந்தா குடுத்துடுங்க. எனக்கு இனிமே தேவைப்படாது."

பையில் மேலாக இருந்தது ஒரு சாம்பல் நிறக் கோட்டு. போன மாதம்தான் ஆசையாகத் துணி தேர்ந்தெடுத்து, அதற்கு உள்பக்கம் புது லைனிங் போடச் சொல்லியிருந்தாள்.

சின்னவளின் பேச்சில் நான்காவது நிமிடம் ஓர் இடம் வரும். 'ஆசையா வச்சிருந்ததையெல்லாம் எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சா, அவங்களைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க.' பெரியவள் அதைப் பதினோரு தடவை கேட்டிருந்தாள். பதினோரு தடவையும், 'வந்துட்டா பெரிய டாக்டர்' என்று முணுமுணுத்திருந்தாள். இப்போது கையில் டேப் தொங்க, அந்த இடம் காதுக்குள் வார்த்தை பிசகாமல் ஓடியது.

'உனக்கென்னம்மா குறைச்சல், வேலை இருக்கு, வயசு இருக்கு' என்பதுதான் முதலில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அந்தக் கேள்வியைக் கேட்பது அவ்வளவு லேசாக இல்லை. கேட்டால் கெட்டது நடந்துவிடுமோ என்று தோன்றியது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. சாகணும்னு தோணுதா உனக்கு?"

அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். "தினமும் தோணும்க்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்கு ரொம்ப" என்றாள்.

பெரியவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, துணித் துணுக்குகளுக்கு நடுவில் தானும் தரையில் உட்கார்ந்தாள். உதவி எண் அச்சடித்த துண்டுச்சீட்டுக் கட்டைச் சின்னவள் எப்போதோ கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அது மெஷின் ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் செருகிக் கிடந்தது. உருவி எடுத்தாள். ஆனால் விரல் அழுத்தியது சின்னவளின் எண்ணை.

"தனியா விட்டுடாதீங்கக்கா. பேசினா கேளுங்க, பேசலைன்னா சும்மா கூட உக்காந்திருங்க. இதோ வரேன்" என்றாள் சின்னவள்.

இருபது நிமிடத்தில் வந்து நின்றாள். ஒரு காலில் ஒரு செருப்பு, மறுகாலில் வேறொரு செருப்பு. முன்கையெல்லாம் மகள் கிறுக்கிய கிரேயான் மெழுகு. அந்தப் பெண்ணுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. மூவருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் உள்ளே வெகுநேரம் பேசினார், அங்கேயே தங்க வைத்தார். தகவல் தெரிந்து அந்தப் பெண்ணின் அக்காவும் ஓடிவந்தாள்.

வெளியே நீள பெஞ்சில் ஓரகத்திகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் பெரியவள் இருந்தாள். முடியவில்லை.

"எல்லாக் கூட்டத்துலயும் டாக்டர், டாக்டர்ங்கற. நான் ஒருத்தி இருந்தேனே, அது உனக்கு ஞாபகமே இல்லையா?"

சின்னவள் விரலில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினாள். "நிஜமாச் சொல்லட்டுமாக்கா? அந்த ஆறு வாரம் எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லை. அத்தை சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இருக்கறது அந்தப் பாத்ரூம்தான். நீங்க கதவைத் திறந்து என்ன சொன்னீங்கன்னு தெரியுமா?"

"என்ன சொன்னேன்?"

"'தங்கமாட்டம் பிள்ளை இருக்கு, உனக்கெல்லாம் சாவு கேக்குதா? அந்தப் பிள்ளையை எனக்காவது குடுத்திருக்கக் கூடாதா கடவுள்?'னு சொன்னீங்க. அப்புறம்தான் கையைப் பிடிச்சுத் தூக்கினீங்க. உங்களைப் பத்திச் சொல்லணும்னா இதையும் சொல்லணும். சொன்னா ஊர் உங்களைத் தப்பாப் பேசும். இதை விட்டுட்டுச் சொன்னா அது பொய். அதான் மொத்தமா விட்டுட்டேன்."

பெரியவளுக்கு மறந்தே போயிருந்தது. இப்போது ஞாபகம் வந்தது. அந்த நொடியில் தன் வயிற்றுக்குள் இருந்தது பயமா, பொறாமையா என்று இத்தனை வருடம் அவள் யோசித்ததே இல்லை. பொறாமையும் இருந்திருக்கிறது. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறை விளக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள், பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

"ரெண்டையும் சேர்த்தே சொல்லு" என்றாள் கடைசியில்.

அடுத்த கூட்டத்தில் சின்னவள் சொன்னாள். "என் ஓரகத்தி முதல்ல தப்பாத்தான் பேசினாங்க. ஆனா என்னை விட்டுப் போகலை. உங்க வீட்டுலயும் தப்பாப் பேசறவங்க இருப்பாங்க. கேக்கக் கத்துக்கச் சொல்லுங்க. அவங்க கத்துக்கிட்டாங்க, ஒரு உயிரைக் காப்பாத்தினாங்க." கூட்டம் கைதட்டியது. பெரியவள் எழுந்து கும்பிட்டாள். எல்லாம் அவள் நினைத்து வைத்திருந்தபடியே நடந்தது. வெளியே வந்ததும், "இவ்வளவையும் எப்படிங்க மனசு திறந்து சொல்றீங்க!" என்று பத்துப் பேர் சூழ்ந்துகொண்டது சின்னவளைத்தான். பெரியவள் கவுனின் பின்தொங்கலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். மாத்திரை நடக்கிறது, வாரம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறேன், இன்னும் சில நாள் படுக்கையை விட்டு எழுவதே கஷ்டம், ஆனாலும் எழுந்துவிடுகிறேன் என்றாள். பெரியவள் கோட்டைத் தூசு தட்டித் திருப்பிக் கொடுத்தாள். யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அந்தப் பெண் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து தயங்கினாள்.

"என்னம்மா?"

"உங்க ஓரகத்திகூட ஒரு போட்டோ எடுத்துக்கணும்க்கா. அன்னைக்கு எனக்கு அவங்க யாருன்னே தெரியலை. வீட்டுல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

பெரியவள் டேப்பைச் சுருட்டி மெஷின்மேல் வைத்தாள். பிறகு போன் செய்து சின்னவளை வரவழைத்தாள். இருவரையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கேமராவைத் தானே பிடித்தாள். முதல் படத்தில் சின்னவளின் தலை பாதிதான் விழுந்திருந்தது. "கை ஆடிடுச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்தாள்.