கடைசி அடியைப் பார்த்தவர்

ஸ்பிரிங்வேல் மீன்கடையில் இன்று என் கணவர் பழைய நண்பர் ஒருவரிடம் நாங்கள் இருவரும் முன்பு அரங்கத்துக்குப் போய்ப் பார்த்த பேஸ்போல் இறுதிப் போட்டியைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்.

“கடைசி அடி, பந்து என்ர தலைக்கு மேலால போனது. நான் அழுதிட்டன் மச்சான்!”



கார் பார்க்கில் நெரிசலாகிவிடும் என்று, ஆட்டம் முடியுமுன்பே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறிய மனிதர் இவர். அரங்கமே அதிர்ந்த சத்தத்தை நாங்கள் காருக்குள் இருந்துதான் கேட்டோம். எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது.

“இவளுக்கு ஒண்டும் ஞாபகமில்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தவள்,” என்றார் நண்பரிடம்.

“ஓம், ரெண்டு பேரும் காருக்குள்ளதானே இருந்தனாங்கள்,” என்றேன், கடை முழுக்கக் கேட்க.

அவர் மீன் பையைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி விரைந்தார்.

இதை வாசிப்பவர்களில் அந்த அடியை உண்மையிலேயே பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். பந்து எந்தப் பக்கம் போனது?