கட்-அவுட் பொருத்திய கார்

அந்தக் காரில் ஓட்டுபவரின் இருக்கைக்கு இடப்பக்கம் ஓர் இரும்புப் பிடி இருந்தது. தொண்ணூறுகளில் என் அக்காவின் கணவர், நான் மச்சான் என்று கூப்பிடுபவர், கோவையில் சொல்லிவைத்துப் பொருத்திய கட்-அவுட்டின் பிடி. எங்களுக்குக் கட்-அவுட் என்றால் சினிமாத் தியேட்டர் வாசலில் நிற்கும் நடிகரின் உருவம்தான். மச்சானுடையது வேறு. சைலன்சருக்கு முன்பாகவே புகைக்குழாயை அறுத்து ஒரு மூடி வைத்திருந்தார்கள். பிடியை இழுத்தால் மூடி திறந்து, புகை சைலன்சருக்குள் போகாமல் நேராக வெளியேறும். அப்போது கார் போடும் சத்தத்தில் கிணத்துக்கடவு கடைவீதியே திரும்பிப் பார்க்கும். மற்றபடி மச்சான் அதிர்ந்து பேசாதவர். "மாடெல்லாம் மெரளுதுங்க, அதைக் கழட்டி எறிஞ்சுபோடுங்க" என்று அக்கா சொல்லும்போதும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

கல்லூரி விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தபோது, தோப்பில் தென்னமட்டைகளை அள்ளிக்கொண்டிருந்த மச்சானை இடது கையில் விரியன் கடித்துவிட்டது. வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் அக்காதான். பின்சீட்டில் அவர் சரிந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டேன். வீக்கம் முழங்கையைத் தாண்டியிருந்தது. கோவை போகும் சாலையில் வரிசையாக லாரிகள். ஹாரனுக்கு ஒருவரும் ஒதுங்கவில்லை. அக்கா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள், பிடியை இழுத்தாள், மறுபடி மிதித்தாள். அந்த இரைச்சலுக்கு லாரிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டின. மச்சானின் முனகல் கேட்காததால் மூச்சு இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அக்கா பிடியை உள்ளே தள்ளிவிட்டு, சத்தமில்லாமல் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். தெளிந்து பேசத் தொடங்கியதும் முதலில் அக்காவிடம் கேட்டது இதைத்தான்: "அம்மணி, காலை எடுத்துட்டு இழுத்தாத்தான் அது வரும்னு உனக்கு ஆரு சொன்னது?"

சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "பொள்ளாச்சிக்குத் தனியாப் போறப்பெல்லாம் தொறந்துபோட்டுத்தானுங்க போவேன்" என்றாள். 

கடிபட்ட கையின் விரல்கள் பிறகு சரியாக மடங்கவில்லை. காரை அக்காவே ஓட்டினாள். இப்போது கோவையில் பையன்களின் கார்கள் அப்படி இரைந்துகொண்டு கடக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அன்றும் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்ததில்லை. ஆனால் அக்கா மச்சானோடு போன பயணங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எப்போதும் அக்காவிடம் நீ என்றே பேசிவந்த மச்சான், ஊர் எல்லை தாண்டியதும் சன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்பார்:

"தொறக்கலாமுங்களா?"