அணையுதா, அணைச்சுக்குதா?

கேஸ் அடுப்பும் வெந்நீர் ஹீட்டரும் பழுதுபார்க்கும் அந்தப் பெண்மணிக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ‘ஏன் அக்கா’. பெற்றவர்கள் வைத்த பெயர் பில் புத்தகத்தோடு சரி. போனை எடுத்ததுமே, “ஏன், என்ன ஆச்சு?” என்பாள். கருவிப்பெட்டியைத் திறப்பதற்குள் கேள்வி மேல் கேள்வி கேட்டு ஆளைத் துளைத்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னவர்கள்தான் பிறகு பக்கத்து வீட்டுக்கும் அவள் நம்பரைக் கொடுத்தார்கள்.

அவளை இந்தத் தொழிலுக்கு இழுத்துவந்தது ஒரு சிலந்தி. கல்யாணமான புதிதில் வீட்டு அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரங்களைக் கரியாக்கியது. அடுப்பையே மாற்றச் சொன்னார் கடைக்காரர். இவள் பர்னரைக் கழற்றி, காற்றும் கேஸும் கலக்கும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு சிலந்தி வலை பின்னிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பிரஷ் விட்டுத் துடைத்ததும் தீ நீலமாக எழுந்தது. ‘அட, தீக்கும் மூச்சு வேணுமா!’ என்று அன்றைக்கு வாய் பிளந்தவள், இருபத்திரண்டு வருஷமாகியும் இன்னும் மூடியபாடில்லை.

குளிர் நாள் ஒன்றில் ஒரு தையல்காரர் கூப்பிட்டார். “ஹீட்டர் அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சிடுதுக்கா.”

“அணையுதா, அணைச்சுக்குதா?”

“யாரை அணைச்சுக்குது? என்னக்கா, காலங்காத்தால விளையாடுறீங்க!”

அவள் விளையாடவில்லை. காற்றடித்தோ, கேஸ் தீர்ந்தோ, அடைப்பு விழுந்தோ தீ போனால் அது அணைவது. உள்ளே இருக்கும் சென்சார் எதற்கோ பயந்து கேஸை நிறுத்தினால், அது தன்னைத்தானே அணைத்துக்கொள்வது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

முன்னறையில் இரண்டு தையல் மிஷின்கள். பின்னால், ஒரு ஆள் கையை நீட்டினால் சுவர் இடிக்கும் அளவுக்கு ஒரு குளியலறை. ஹீட்டர் அதற்குள்ளேயே மாட்டியிருந்தது. சோப்புப் பலகையில் ஒரு பெரிய துணிக் கத்தரி இருந்ததை அவள் பார்த்தாள். அது அங்கே எதற்கு?

“இன்னொரு மெக்கானிக் போன்லயே சொல்லிட்டாரு, சென்சார் வயரை வெட்டி நேராச் சேர்த்துட்டா அணையாதாம்” என்றார் தையல்காரர். “அதை மட்டும் பண்ணிக் குடுங்க. இவளுக்கு ஏழு மாசம். பாதிக் குளியல்ல பச்சைத்தண்ணி விழுந்தா தாங்குவாளா?”

அவர் மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். “பச்சைத்தண்ணி கூடப் பரவாயில்லக்கா. குளிச்சாலே தலைவலி, கிறுகிறுன்னு வருது. இந்த நேரத்துல அப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க.”

“வெளிய வந்தா?”

“கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்.”

ஏன் அக்கா பெட்டியைத் திறக்காமலே ஹீட்டரைப் பற்றவைத்தாள். கதவு திறந்திருந்தபோது கால் மணி நேரம் நீலமாக எரிந்தது. பிறகு எல்லோரையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தி, தானும் வெளியே நின்று கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். மூன்றாம் நிமிஷம் தீயின் நுனி மஞ்சளாகித் தள்ளாடியது. ஐந்தாம் நிமிஷம் ‘டக்’.

கதவைத் திறந்துவைத்து, சற்றுப் பொறுத்து உள்ளே போய் அண்ணாந்தாள். மேலே காற்றுப் போகும் துவாரத்தில் கம்பளித் துணியில் ஒரு திண்டு, இம்மி இடைவெளியில்லாமல் பொருந்தியிருந்தது. ஓரமெல்லாம் பட்டி வைத்துத் தைத்த அழகைப் பார்த்தால் திட்டவும் மனம் வராது.

“இது எப்ப வந்துச்சு?”

“குளிர் ஆரம்பிச்சதும். அவ மேல காத்து படக்கூடாதுன்னு நானே அளவெடுத்துத் தச்சேன்” என்றார் தையல்காரர், பெருமையாகவே.

“ஹீட்டர் எப்பலேர்ந்து அணைச்சுக்குது?”

தையல்காரர் அண்ணாந்து திண்டைப் பார்த்தார்.

“காத்து பத்தலைன்னா தீ விஷவாயுவைக் கக்கும். வாசனையே வராது, ஆளைச் சாய்ச்சிடும். ஹீட்டர் பழுதில்லைங்க, அது உங்க வீட்டம்மாவைக் காப்பாத்திட்டிருக்கு. இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், நடந்ததை அப்படியே சொல்லுங்க. ஹீட்டரை நாளைக்கு வெளிச்சுவருக்கு மாத்துறேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.” கேஸை அடைத்தாள்.

தையல்காரர் ஸ்டூல் போட்டு ஏறித் திண்டைப் பிடுங்கினார். குளிர்காற்று சில்லென்று உள்ளே வந்தது.

கிளம்பும்போதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. “ஒண்ணு மட்டும் புரியல. துணிக் கத்தரியில காகிதத்தைக்கூட வெட்ட விடமாட்டீங்களே, அது ஏன் இங்க இருக்கு?”

தையல்காரர் கத்தரியை எடுத்தார்.

“காலையில நானே வயரை வெட்டிச் சேர்த்துடலாம்னு வந்தேன்கா. மூணு தடவை வயர் மேல வச்சேன். கத்தரி மழுங்கிடுமேன்னு... கத்தரி மழுங்கிடுமேன்னுதான்கா விட்டேன்.”

கத்தரியைக் கீழே போட்டுவிட்டு மனைவியை அணைத்துக்கொண்டார்.